ஃபேஜ் என்சைம் களிம்பு: எம்.ஆர்.எஸ்.ஏ. புண்ணுக்கு வாங்கலாமா?

பட்டர்வொர்த்_மகள் | பட்டர்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அறுபது தாண்டியாகிவிட்டது, இனிப்புநீர் பல வருடமாக உண்டு. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். ஆறுவது போல் மூடிக்கொள்ளும், அப்புறம் ஓரத்தில் மறுபடி திறந்துகொள்ளும். கிளினிக்கில் குச்சியால் தடவி எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி என்று கூகளில் படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

இதற்கு நடுவே சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ போட்டார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் இருக்கிறதாம். அந்த வைரஸின் என்சைமை மட்டும் தனியாக எடுத்துத் தடவினால் இந்தக் கிருமி சில வினாடியில் வெடித்துச் சாகுமாம். ஐரோப்பாவில் களிம்பாகவே விற்கிறார்களாம். ஃபேஸ்புக்கில் ஒருவர் 380 ரிங்கிட் கொடுத்தால் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? உண்மையா, இல்லை வழக்கமான வாட்ஸ்அப் வைத்தியமா?

ஆய்வுக்கூடத்தான் | செந்தூல், கோலாலம்பூர்

வீடியோவில் சொன்ன அறிவியல் உண்மைதான் தங்கச்சி. களிம்பு வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன். நான் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி, அங்கேயே தன்னைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளும். பெருகினால் போதுமா, வெளியே வர வேண்டுமே? பாக்டீரியாவைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கான் என்ற உறுதியான வலைச்சுவர் இருக்கிறது. அதை உடைக்க ஃபேஜ் இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. ஹோலின் என்பது உள் சவ்வில் துளை போடும். எண்டோலைசின் அந்தத் துளை வழியாகப் போய்ச் சுவரின் இணைப்புகளை வெட்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் (எம்.ஆர்.எஸ்.ஏ. இந்த இனம்தான்) மாதிரிக் கிருமிகளுக்குள் அழுத்தம் 20 அட்மாஸ்ஃபியர் அளவுக்கு இருக்கும். நம் காடி டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான். சுவரில் ஓரிடம் கிழிந்தால் போதும், மீதியை அந்த அழுத்தமே முடித்துவிடும்.

உள்ளேயிருந்து வெட்டும் இந்த என்சைமை வெளியிலிருந்து ஊற்றினாலும் வெட்டுமா? வெட்டும் என்று 2001-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டியின் குழு காட்டியது. தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரு கோடி, என்சைம் வெறும் 10 நானோகிராம், நேரம் 5 வினாடி. உங்கள் சித்தப்பாவின் வீடியோவில் வரும் 'சில வினாடி' இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அடுத்த வருடமே ஆந்த்ராக்ஸ் கிருமிக்கும் ஓர் என்சைமை அதே குழு காட்டியது.

இதை ஒரு பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். கஞ்சித்தண்ணி நிறத்தில் கலங்கி நிற்கும் கிருமிக் குழாயில் ஒரு சொட்டு விடுவார்கள். பின்னால் பிடித்திருக்கும் அச்சுத்தாளின் எழுத்து முதலில் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மங்கலாகத் தெரியும், அப்புறம் வாசிக்கவே முடியும். ஆன்டிபயாடிக்கில் அப்படி ஒரு காட்சி கிடைக்காது. அங்கே ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் வந்துதான் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கும் இது ஏன் வேலை செய்கிறது? பென்சிலின் வகை மருந்துகள் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ. மருந்தின் பிடியில் சிக்காத வேறொரு கட்டும் புரதத்தை வைத்துக்கொண்டு தப்பிக்கிறது. எண்டோலைசின் அந்தப் பக்கமே போவதில்லை. கட்டி முடித்த சுவரை நேராக வெட்டுகிறது. சுவரின் அந்த இணைப்புகள் கிருமிக்கு உயிர்நாடி என்பதால், அவற்றை மாற்றிக்கொண்டு எதிர்ப்பு வளர்ப்பதும் சுலபமில்லை. இன்னொரு நன்மை, குறிப்பிட்ட கிருமியைத்தான் தாக்கும், வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கூட்டோடு அழிக்காது.

கேள்விக்குறி | பிரிக்பீல்ட்ஸ்

2001-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது, வினாடியில் கொல்லும், எதிர்ப்பும் வராது. அப்படியானால் இத்தனை வருடமாக ஏன் ஒரு ஃபார்மசியிலும் இல்லை? பெரிய மருந்து கம்பெனிகள் அமுக்கிவிட்டன, வேறென்ன. ஆன்டிபயாடிக் விற்கிறவனுக்கு இது வந்தால் நஷ்டம்.

ஆய்வுக்கூடத்தான் | செந்தூல், கோலாலம்பூர்

அண்ணே, அமுக்கவில்லை. மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், கரை சேரவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன், இந்த இழையில் முக்கியமானது அதுதான்.

மருந்தின் பெயர் எக்ஸெபகேஸ். அமெரிக்காவின் கான்ட்ராஃபெக்ட் கம்பெனி செய்தது. மூல என்சைம் பன்றிகளிடம் காணப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமியின் ஃபேஜிலிருந்து வந்தது. பன்றிக் கிருமிக்கான கத்தி மனித ரத்தத்தில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸையும் வெட்டுகிறது என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம். ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் பரவிய நோயாளிகளுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே ஒரு முறை நரம்பில் ஏற்றினார்கள். கவனியுங்கள், ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கொடுக்கவில்லை, அதோடு சேர்த்துத்தான்.

இரண்டாம் கட்டச் சோதனையில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது என்சைம் கிடைத்த 27 பேரில் 20 பேருக்குக் குணம் தெரிந்தது, கிடைக்காத 16 பேரில் 5 பேருக்குத்தான். விழுக்காட்டில் 74-க்கு 31. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைத் திருப்புமுனை மருந்து வரிசையில் வைத்து ஊக்கம் கொடுத்தது. மூன்றாம் கட்டம் தொடங்கியது. 2022 ஜூலையில் நடுவில் கணக்குப் பார்த்த சுயேச்சைக் குழு, இதைத் தொடர்ந்து பயனில்லை என்று நிறுத்தச் சொன்னது. 2023 டிசம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது.

27-ம் 16-ம் சின்ன எண்கள். சின்னக் குழுவைப் பிரித்துப் பார்த்தால் இப்படித் தலைகீழாகப் போவது நடப்பதுதான். என்சைம் கிருமியைக் கொல்லவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. புரதம் என்பதால் ரத்தத்தில் நெடுநேரம் நிற்காது, எலும்பு, இதய வால்வு என்று கிருமி எங்கெங்கோ ஒளிந்திருக்கும், ஏற்கெனவே கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் தன் பங்குக்கு வேலை செய்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் மேலே ஒரு வித்தியாசத்தைக் காட்டுவது கஷ்டம்.

கம்பெனிக்காரன் லாபம் பற்றிச் சொன்னீர்கள். ஆன்டிபயாடிக்கில் இப்போது லாபமே கிடையாது. அகாவோஜென் என்ற கம்பெனியின் புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018-ல் அனுமதி கிடைத்தது, 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே திவால். மருந்து ஜெயித்தும் கம்பெனி தோற்றது. இதற்கு எதிரி சதிகாரர்கள் இல்லை, விற்பனைக் கணக்கு.

கேள்விக்குறி | பிரிக்பீல்ட்ஸ்

திவால் ஆனவர்களைக் காட்டி கம்பெனிகளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறீர்கள். சரி, பன்றிக் கிருமி என்றால் நம் மலாய் நண்பர்கள் போடுவார்களா? அதையும் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தான் | செந்தூல், கோலாலம்பூர்

மரபணுவை மட்டும் எடுத்து ஈ.கோலை கிருமியில் வைத்துத் தொட்டியில் வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். பன்றி என்று ஒரு துணுக்கும் அதில் இல்லை. மருந்து பதிவாகி இங்கே வரும் காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | பிறை

அறிவியல் பாடம் நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அப்பாவின் காலைப் பற்றி. என் பங்குக்குச் சொல்கிறேன். நர்ஸாக இருந்து புண் டிரஸ்ஸிங்கிலேயே வயதானவள் நான்.

மகளே, குச்சியால் மேலே தடவி எடுத்த ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தால், அந்தக் கிருமி புண்ணின் மேல் குடியிருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். திறந்த புண் எதிலும் ஏதாவது கிருமி இருக்கும். அது உள்ளே புகுந்து தொற்றாகி இருக்கிறதா என்பதைக் கண்ணாலும் கையாலும்தான் பார்க்க வேண்டும். சுற்றிலும் சிவந்திருக்கிறதா? தொட்டால் சூடா? வீக்கம், சீழ், நாற்றம் உண்டா? தொற்று என்று சந்தேகம் இருந்தால், புண்ணைச் சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து சின்னத் துண்டு திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் சரியான முறை. தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் கால் புண் வழிகாட்டிகள் சொல்கின்றன. அடுத்த தடவை டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

அப்புறம், கட்டைவிரல் அடி என்கிறீர்கள். அது உடம்பின் பாரம் விழும் இடம். அப்பா வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறாரா? அந்த இடத்தில் பாரம் விழாதபடி செருப்போ காலணியோ மாற்றினார்களா? மூடுவதும் திறப்பதுமாக இருக்கிற புண்ணுக்கு நான் பார்த்தவரை பாதிக் காரணம் அதுதான். ஓரத்தில் தடித்து வெள்ளையாகக் காய்த்திருக்கும் தோலைச் சீவி எடுத்தார்களா? காலுக்கு ரத்தம் போகிறதா என்று நாடி பிடித்துப் பார்த்தார்களா? மூன்று மாத சராசரி சர்க்கரை எவ்வளவு? 380 ரிங்கிட்டை நல்ல செருப்பில் போடுங்கள்.

மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது. நம் இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. கால் புண் நம் வீட்டுச் சமாச்சாரம். சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதி பார்க்காதீர்கள். நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பட்டர்வொர்த்_மகள் | பட்டர்வொர்த்

மிஸ்ஸி, மிக்க நன்றி. சிவப்போ காய்ச்சலோ இல்லை. வீட்டுக்குள் வெறுங்கால்தான், சாமி அறைக்குப் போக வேண்டும் என்று செருப்பே போட மாட்டார். தோலைச் சீவியதாக ஞாபகம் இல்லை.

ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஆர் என்றும் எஸ் என்றும் எழுத்துகள் இருக்கின்றன. எல்லாமே ஆர் இல்லை. வேன்கோமைசின், கோட்ரைமாக்சசோல், கிளின்டாமைசின் எஸ். எரித்ரோமைசின் ஆர்.

ஆய்வுக்கூடத்தான் | செந்தூல், கோலாலம்பூர்

ஆர் என்றால் கிருமி அந்த மருந்தை எதிர்க்கிறது, எஸ் என்றால் அடங்கும். ஆக, எதற்கும் அடங்காத கிருமி இல்லை இது, மருந்து இருக்கிறது. தொற்று என்று டாக்டர் முடிவு செய்தால் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'எரித்ரோமைசின் ஆர், கிளின்டாமைசின் எஸ் என்று இருக்கிறதே, டி டெஸ்ட் பார்த்தாச்சா?' கிருமி வளர்க்கும் தட்டில் இந்த இரண்டு மருந்து வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். கிளின்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி ஆங்கில டி எழுத்துப் போல ஆனால், கிளின்டாமைசினுக்கும் எதிர்ப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கூடங்களில் பார்த்துவிட்டுத்தான் எஸ் போடுவார்கள். கேட்பதில் தப்பில்லை.

ஜெலுத்தோங்_மருந்தாளர் | ஜெலுத்தோங், பினாங்கு

களிம்புக் கேள்விக்கு நான் வருகிறேன். எண்டோலைசின் சேர்த்த கிரீம் ஐரோப்பாவில் இருப்பது நிஜம். ஸ்டஃபெஃபெக்ட் என்ற என்சைம், நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. எக்சிமா போன்ற தோல் தொல்லைக்காகப் போடுவது. அங்கேயே எக்சிமா நோயாளிகளிடம் போலிக் கிரீமோடு ஒப்பிட்டு நடத்திய சோதனையில், ஸ்டிராய்டு களிம்பின் தேவை இதனால் குறையவில்லை. பாதுகாப்பாக இருந்தது, அவ்வளவுதான். இனிப்புநீர்க்காரரின் ஆழமான கால் புண்ணில் போட அது செய்யப்படவில்லை.

இங்கே சட்டப்படி விற்கும் மருந்துப் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். ஃபேஸ்புக் ஆளிடம் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். அதோடு, என்சைம் என்பது புரதம். வெயிலில் லாரியிலும் கூரியர் கிடங்கிலும் கிடந்து வந்தால் டியூபுக்குள் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் உறுத்துகிறது. நம் ஆட்கள் தினமும் என் கவுன்டருக்கு வந்து 'இருமலுக்கு அந்தச் சிவப்பும் கறுப்பும் மாத்திரை கொடுங்க' என்று கேட்கிறார்கள். 1952 விஷப்பொருள் சட்டப்படி மருந்துச்சீட்டு இல்லாமல் நான் கொடுக்க முடியாது. கோபித்துக்கொண்டு போய், கிளினிக்கில் சளிக் காய்ச்சலுக்கே வாங்கிக்கொள்கிறார்கள். கேட்டால் கொடுத்துவிடுகிற கிளினிக்குகளும் இருக்கின்றன. அந்த மாத்திரை ஆன்டிபயாடிக், வைரஸ் காய்ச்சலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக மருந்துக்கு அடங்காத கிருமித் தொற்றால் இறந்தார்கள் என்பது கணக்கு.

நிபோங்_இறால் | நிபோங் திபால்

மனுசனை மட்டும் சொல்லாதீர்கள், பண்ணைகளையும் சொல்லுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவதைப் பற்றிப் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. கோலிஸ்டின் என்பது மனிதனுக்குக் கடைசி மருந்து. அதைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்தார்கள். அதற்கான எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015-ல் சீனாவில் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் விழித்தது. இங்கே 2019-ல் தீவனத்தில் தடை செய்தார்கள்.

நான் இறால் வளர்க்கிறவன். விப்ரியோ கிருமியால் குளம் குளமாக அழிந்ததைப் பார்த்திருக்கிறேன். காலையில் சோதனைத் தட்டைத் தூக்கினால் தீவனம் அப்படியே இருக்கும், இறாலின் கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். 2010, 2011 வாக்கில் நாடு முழுக்க அடித்தது. அப்போது காரணமே யாருக்கும் தெரியாது. விப்ரியோதான் என்று 2013-ல்தான் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த எண்டோலைசினை வாங்கிக் குளத்தில் ஊற்றலாமா?

ஆய்வுக்கூடத்தான் | செந்தூல், கோலாலம்பூர்

ஊற்றினால் காசுதான் கரையும் அண்ணே. விப்ரியோ கிராம் நெகட்டிவ். வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடும் இடம் இதுதான்.

கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு அந்தச் சுவர் வெளியே தெரியும்படி நிற்கிறது, என்சைம் நேராகப் போய் ஒட்டும். கிராம் நெகட்டிவ் கிருமி மெல்லிய சுவருக்கு மேலே இன்னொரு சவ்வைப் போர்த்தியிருக்கிறது. பெரிய புரதம் அதைத் தாண்டாது. கண்ணாடித் துண்டில் 3 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் கிருமியைக் குழைத்துக் கம்பியைத் தூக்கினால், கிராம் நெகட்டிவ் நூல் நூலாக இழுபடும், பாசிட்டிவ் இழுபடாது. நாங்கள் அவசரத்துக்கு இப்படித்தான் பிரித்துப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 பட்டியலில் எம்.ஆர்.எஸ்.ஏ. இரண்டாம் படியில்தான் இருக்கிறது. முதல் படியில் கார்பாபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா குடும்பம், அப்புறம் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய். தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடுங்க வைப்பவை இவற்றில் முதலில் சொன்ன கிராம் நெகட்டிவ்கள்தான். நம் ஊர் மண்ணில் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியும் நெகட்டிவ்தான். அந்தப் பெயரையே 1921-ல் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். அதற்கு முன்னால் 1913-ல் கழகத்தின் சோதனை விலங்குகளிடையே இந்த நோய் பரவியதை ஃபிளெட்சர் பார்த்திருந்தார்.

வழி தேடுகிறார்கள். பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழகத்தில் எண்டோலைசினோடு சவ்வைக் குலைக்கும் சின்னப் பெப்டைடு ஒன்றை ஒட்டவைத்து ஆர்ட்டிலைசின் என்று செய்தார்கள். அசினெட்டோபாக்டருக்கு எதிராக 2015-ல் இன்னொரு என்சைமும் எலிகளிடம் நல்ல பலன் காட்டியது. எலியிலிருந்து வார்டு வரை உள்ள தூரம் எக்ஸெபகேஸ் கதையிலேயே தெரிந்திருக்கும்.

சுங்கை_டுவா_தம்பி | சுங்கை டுவா, பினாங்கு

ஆராய்ச்சி மாணவன். இறால் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. கிராம் நெகட்டிவுக்கு முழு ஃபேஜ் பொருந்தும். அது சவ்வின் மேலிருந்து ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும், வெடிப்பது உள்ளேயிருந்து. உணவில் ஏற்கெனவே அனுமதி உண்டு. 2006-ல் அமெரிக்காவில் லிஸ்டீரியா கிருமிக்கு எதிராக இறைச்சியில் தெளிக்கும் ஃபேஜ் கலவையை எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923-லிருந்து இதற்கென்றே எலியாவா நிலையம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கிருமி ரகத்துக்கும் பொருத்தமான ஃபேஜைத் தேட வேண்டும். கிருமியும் ஒட்டும் இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கும். அதனால் பல ஃபேஜ்களைக் கலந்து போடுவார்கள்.

கேள்விக்குறி | பிரிக்பீல்ட்ஸ்

ஃபேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. கங்கைத் தண்ணீரில் காலரா கிருமி சாகிறது என்று 1896-லேயே ஹான்கின் என்ற வெள்ளைக்காரர் எழுதினார். நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | பிறை

ஐயா, தயவுசெய்து. வீட்டில் செம்பில் அடைத்து வைத்திருக்கும் கங்கா தீர்த்தத்தை யாராவது கால் புண்ணில் ஊற்றினால் அப்புறம் நான்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பட்டர்வொர்த்_மகள் | பட்டர்வொர்த்

ஊற்ற மாட்டோம் மிஸ்ஸி :) களிம்பு வேண்டாம் என்று முடிவு. திங்கட்கிழமை கால் புண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். தோல் சீவுவது, ரத்த ஓட்டம், டி டெஸ்ட், செருப்பு எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். சாமி அறைக்கு மட்டும் தனியாகத் துவைத்த துணிச் செருப்பு போடலாமா என்று அப்பாவிடம் பேசினோம், யோசிக்கிறேன் என்றார்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | பிறை

துணிச் செருப்பு பாரம் தாங்காது மகளே. அடி கெட்டியான, உள்ளே மெத்தென்ற செருப்பாகப் புதிதாக வாங்கி, வீட்டுக்குள் மட்டும் போடச் சொல்லுங்கள். வெளி மண் படாத செருப்பென்றால் சாமி கோபிக்காது. காலையும் மாலையும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், அவருக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், தானாகச் சொல்ல மாட்டார்.

நிபோங்_இறால் | நிபோங் திபால்

தம்பி சுங்கை டுவா, நம் பக்கத்துக் குளங்களிலேயே அந்த ஃபேஜ் இருக்குமா? எப்படிப் பார்ப்பது?

சுங்கை_டுவா_தம்பி | சுங்கை டுவா, பினாங்கு

நிறையவே இருக்கும் அண்ணே. கிருமி எங்கே அதிகமோ அங்கே ஃபேஜும் அதிகம். தண்ணீரை மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டால் பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் கீழே இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை, விப்ரியோ படர்ந்து வளரும் தட்டின் மேல் வைப்போம். மறுநாள் அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் ஃபேஜ் இருக்கிறது. அதைப் பிரித்து, வளர்த்து, நஞ்சு மரபணு எதையும் சுமக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த பேச்சு. சில ஃபேஜ்கள் அப்படிச் சுமந்துகொண்டு வரும், அவற்றைக் குளத்தில் விட்டால் வினை.

நிபோங்_இறால் | நிபோங் திபால்

சரி, தண்ணீர் கொண்டு வருகிறேன். செத்த குளத்திலிருந்தா, நல்ல குளத்திலிருந்தா?

சுங்கை_டுவா_தம்பி | சுங்கை டுவா, பினாங்கு

இரண்டும் வேண்டும், தனித்தனி பாட்டிலில். அடிச்சேறும் கொஞ்சம். குளோரின் போடுவதற்கு முன்னால் எடுங்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு வாருங்கள். நோய் வந்த இறால் இருந்தால் உயிரோடு சில, ஆக்சிஜன் பையில். உங்கள் குளத்துக் கிருமி இல்லாமல் உங்கள் குளத்து ஃபேஜைச் சோதிக்க முடியாது.

நிபோங்_இறால் | நிபோங் திபால்

வெள்ளிக்கிழமை வருகிறேன். தனிச்செய்தியில் நம்பர் அனுப்பு தம்பி.